கல்லாவிக்கு வந்த கோமாளி மீன்

அறிவியல் கண்காட்சியில் கடல் மீனை உயிரோடு காட்டுகிறேன் என்று கல்லாவிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு என் மனைவி அருள்மேரி வாக்குக் கொடுத்தது அறுபத்தெட்டில். அவள் அங்கே அறிவியல் டீச்சர். நான் சாமல்பட்டி ஸ்டேஷனில் பார்சல் கிளார்க். "இந்தப் பக்கம் கருவாடுதான் வரும் சார்" என்று ஊர்க்காரர்கள் என் காதுபடவே சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் கடலோரத்தில் வேலை பார்த்த தன் அண்ணனிடம் போய், விரல் நீள மீன் ஒன்றைக் கண்ணாடித் தொட்டியில் கொண்டுவந்தாள். கருப்பு உடம்பு, வெள்ளைப் பட்டை, மஞ்சள் வால். பெயர் கோமாளி மீன். கூடவே பவளப்பாறைத் துண்டில் ஒட்டிக்கொண்டிருந்த கடல் சாமந்தி. பெயர்தான் சாமந்தி, அது பூவல்ல, பிராணி. அதன் விரல்கள் மற்ற மீன்களைக் கொட்டும். கோமாளிக்கு மட்டும் அதுதான் வீடு. மூச்சுக்காற்று வேண்டுமே என்று ரயிலில் வழியெல்லாம் தண்ணீரைக் குவளையால் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டே வந்திருக்கிறாள். பிடிவாதக்காரி!

கண்காட்சி நெருங்கும்போது, பள்ளியைக் கூட்டும் மங்கம்மா, கோயில் குளத்து மீனுக்குப் போடுவதுபோல ஒரு கை பொரியைத் தொட்டியில் போட்டுக் கும்பிட்டுவிட்டாள். மறுநாள் தண்ணீர் கலங்கி நாறியது. கடல் சாமந்தி சுருங்கிக் கிடந்தது. மீன் மேலே வந்து வாயைப் பிளந்தது.

"புண்ணியம்னு போட்டன் டீச்சரம்மா. இப்பிடி ஆவும்னு தெரியலீங்க" என்று அழுதாள் மங்கம்மா.

மீனோடு கேனில் கொண்டுவந்து மிச்சமிருந்த கடல் தண்ணீர் பாதித் தொட்டிக்குக்கூடக் காணவில்லை. கிணற்றுத் தண்ணீரில் உப்பைக் கரைத்து ஊற்றச் சொன்னார்கள் சிலர். மேரி ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்ததும், "ஏங்க, உங்க ரயில் மெட்ராஸ் போவுது இல்ல? அங்க கடல் இருக்குது இல்ல?" என்றாள்.

மறுபடி சிரிப்பார்களே என்று எனக்குக் கூச்சம். ஆனாலும் மெட்ராஸ் ரயில் கார்டு கங்கப்பனிடம் கெஞ்சினேன். நல்ல மனுஷன், அடுத்த நடையிலேயே இரண்டு பால்கேன் நிறையக் கடலைக் கொண்டுவந்து இறக்கினார். சைக்கிளில் கட்டி, மேடு பள்ளமெல்லாம் இறங்கித் தள்ளிக்கொண்டு கல்லாவி போய்ச் சேர்ந்தேன்.

கண்காட்சியன்று காலையில் கடல் சாமந்தி மெல்ல விரிந்தது. கோமாளி அதற்குள் புகுந்து புரண்டது. வேடிக்கை பார்க்க வந்த வரிசை ரோடு வரைக்கும் நின்றது. கருவாடு என்று சிரித்தவர்களும் அதில் இருந்தார்கள். கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்த மங்கம்மாவைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்து வந்தாள் மேரி. "மொதல்ல நீங்க பாருங்க. அழுதது நீங்கதான?"

நான் வரிசை நெடுக நடந்தேன். முன்பின் தெரியாத ஆட்களிடம்கூட வலியப் போய், "அந்த டீச்சர் என் சம்சாரம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.