கிரிம்ஸ் அம்மாளின் முதல் எழுத்து

இரும்பில் கோடு போடும் மாக்கல் குச்சியைப் பேனாக்கத்தியால் சீவி, முனையைக் கட்டைவிரலில் தொட்டுப் பார்த்து, போதாதென்று இன்னொரு சீவல் சீவுகிறார் ஆல்மெட்டா டெடியோ. அவருக்குப் பின்னால் ஏழு மாடி உயரத்துக்கு இரும்புச் சுவராக நிற்கிறது கப்பல். சாரத்தின் மேலிருந்து யாராவது அவசரப்படுத்தினால், "கப்பல் நாப்பது வருஷம் ஓடப்போவுது. உன்னால ஒரு நிமிஷம் நிக்க முடியலையா?" என்று கேட்டுவிட்டு மறுபடி சீவுவார்.

லாமோத் துறைமுகத்தில் எங்கள் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர்கள் நானூறு பேர். கப்பலின் பெயரை மட்டும் இருபது வருஷமாக அவர்தான் எழுதுகிறார். ஒவ்வோர் எழுத்தின் விளிம்பையும் இரும்பின் மேல் வெல்டிங்கால் கயிறு மாதிரி மேடாக ஓட்டிவிடுவார். அதற்குள் வெள்ளை பூசுவது என் வேலை. என் பெயிண்ட் சில வருஷத்தில் உரிந்துவிடும். அவர் போட்ட விளிம்பு கப்பலை உடைக்கும் நாள்வரை இருக்கும். பிற்காலத்தில் எவன் வந்து பூசினாலும் அந்த எழுத்தைத்தான் பூசியாக வேண்டும்.

வயது ஐம்பத்தொன்பது. குள்ளம். வெல்டிங் முகமூடிக்கு அடியில் பூப்போட்ட துணித்தொப்பி; ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்துக்குப் போட்டுப் பழசான கவுன்களை வெட்டி அவரே தைத்துக்கொள்வார். மத்தியானம் சிவப்புப் பீன்ஸும் சோறும். அதன்மேல் மிளகாய்ச் சாற்றைக் கண்ணில் நீர் வரும்வரை ஊற்றிக்கொண்டு, "இன்னிக்குக் காரம் கம்மி" என்பார். யாரையும் செல்லப்பெயரிட்டுக் கூப்பிடமாட்டார். மேற்பார்வையாளரை எல்லோரும் ரஸ் என்றால், இவர் மட்டும் தளத்தின் அந்தக் கோடியிலிருந்து "ரஸ்ஸல் யூஜீன் லாட்னர்!" என்று கத்துவார். கேட்டால், "பெத்தவங்க யோசிச்சு வச்ச பேரு. பாதியை நான் ஏன் முழுங்கணும்?"

போன வருஷம், கடற்படையின் எண்ணெய்க் கப்பல் ஒன்றுக்கு எங்கள் ஊர் கிரிம்ஸ் அம்மாளின் பெயரை வைப்பதாக அறிவிப்பு வந்தது. பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்தவர். அறுபதுகளில் திங்கள்தோறும் கறுப்பினத்தவரைக் கூட்டிக்கொண்டு வாக்காளராகப் பதிய, அந்தப் பதிவேடு இருந்த கோர்ட்டுக்குப் போனவர். அதற்காகவே ஒன்பது தடவை சிறைக்கும் போனவர். செய்தி வந்த அன்று தளத்தில் ஒரே கூச்சல். "அன்னிக்குக் கோர்ட்டுப் படி ஏற விடல. இனிமே அந்தம்மா வந்தா துறைமுகமே ஒதுங்கி வழிவிடணும்டா!" என்றார் கிரேன் ஓட்டுகிறவர்.

அதுவரை எல்லோர் வாயிலும் வெறும் 'கிரிம்ஸ்'தான்; முழுப்பெயர் போட்ட வரைபடம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. ஆல்மெட்டா அதை விரித்துப் பார்த்தார். 'வயோலா கிரிம்ஸ்' என்று இருந்தது. கையுறையைக் கழற்றினார். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்னாச்சு, மெஷின் படுத்துருச்சா?" என்று வந்தார் ரஸ்ஸல்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. பேருதான் தப்பு. அந்தம்மா பேரு தியோலா. மொதல் எழுத்தே வேற."

"புத்தகத்துலயெல்லாம் வயோலான்னுதானே போட்டிருக்கு? அழைப்பிதழ் அடிச்சாச்சு, பேரு போட்டுக் கப்பல் மணி வார்த்தாச்சு. கப்பலைத் தண்ணியில எறக்க ஒன்பது நாள்தான் இருக்கு. இப்ப வந்து இதைச் சொல்றியே!"

"ஜெயில்ல பதிஞ்ச குமாஸ்தா காதுல வாங்காம வயோலான்னு கிறுக்கினான். அதைப் பாத்துப் பத்திரிகைக்காரன் எழுதினான். பத்திரிகையைப் பாத்துப் புத்தகக்காரன் எழுதினான். இப்ப புத்தகத்தைப் பாத்து நீ என்னை எழுதச் சொல்றே."

"உனக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

"எங்க தெருவுல நாலாவது வீடு. அந்தம்மா வாயாலயே கேட்டிருக்கேன். கோர்ட்டுல 'வயோலா கிரிம்ஸ்'னு கூப்பிட்டப்போ எந்திரிக்கவே இல்லையாம். நீதானே அதுன்னு ஜட்ஜு கேட்டதுக்கு, 'அப்படி யாரும் இங்க வரலீங்க'ன்னு சொல்லியிருக்காங்க. அதுக்குன்னே பத்து நாள் கூடுதலா உள்ள வச்சான். பேருக்காகப் பத்து நாள் கெடந்த பொம்பளைக்கு, அந்தத் தப்புப் பேரையே நான் இரும்புல போடணுமா?"

ரஸ்ஸல் கெட்டவர் அல்லர்; மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர். வேலை செய்ய மறுத்ததற்காக ஆல்மெட்டாவை மூன்று நாள் வீட்டில் இருக்கச் சொன்னார். சுற்றி நின்ற நாங்கள் அவரவர் வேலைக்குத் திரும்பினோம். நானும்தான். ஆனால் வேறு ஆளைத் தேடியபோது ஒரு வெல்டருக்குத் திடீரென்று இடுப்புப் பிடித்துக்கொண்டது. இன்னொருவருடைய மாமியார் அன்றைக்கென்று பார்த்துப் படுத்துவிட்டார். கப்பலின் நெற்றி மொட்டையாகவே நின்றது.

முதல் நாள் ஆல்மெட்டா கல்லறைத் தோட்டத்துக்குப் போய், கல்லில் வெட்டியிருந்த பெயரைப் படம் எடுத்து அனுப்பினார். கல் சாட்சி ஆகாது, அரசாங்கத் தாள் வேண்டும் என்றது தளத்தின் அலுவலகம். மறுநாள் கோர்ட்டின் நிலவறைக்குப் போனார். பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணும் இவருமாக ஈரம் பாய்ந்த அட்டைப்பெட்டிகளை இரண்டு நாள் கிளறினார்கள். அறுபத்திரண்டு பெட்டி பார்த்த பிறகு அந்தப் பத்து நாள் தண்டனைத் தாள் கிடைத்தது. நீதிபதியே கையெழுத்திட்டது: 'வயோலா என்று மும்முறை அழைத்தும் பதில் தர மறுத்தாள். தன் பெயர் தியோலா என்று பிடிவாதம் செய்தாள். நீதிமன்ற அவமதிப்புக்காகப் பத்து நாள் காவல்.'

"அவங்களைத் தண்டிக்க எழுதினானே, அந்தத் தாளே இன்னிக்கு அவங்களுக்குச் சாட்சி சொல்லுது பாத்தியா?" என்று பிறகு என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

"வேலை போயிடுமோன்னு பயமா இல்லையாக்கா?"

"இல்லாம என்ன? பயந்துக்கிட்டேதான் ஒவ்வொரு பெட்டியையும் பிரிச்சேன்."

சனிக்கிழமை காலை அந்தத் தாளின் நகலை ரஸ்ஸலிடம் கொடுத்தார். ரஸ்ஸல் இரண்டு தடவை படித்தார். தலைக்கவசத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, அவரே மேலிடத்துக்குப் போன் போட்டார். பெயரை மாற்றலாம் என்று பதில் வர நான்கு நாள் ஆனது. கப்பல் இறங்கும் நாள் ஒரு வாரம் தள்ளிப்போனது. மணியை உருக்கி மறுபடி வார்த்தார்கள். புது வரைபடம் வந்ததும் ஆல்மெட்டா முகமூடியை இறக்கினார். இரண்டு நாளில் பெயர் ஏறியது. விழாவன்று கிரிம்ஸ் அம்மாளின் பேத்தி வழக்கப்படி கப்பலின் மூக்கில் மது பாட்டிலை உடைத்தபோது, பெரிய மனிதர்கள் வரிசையில் ஆல்மெட்டாவுக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அவரோ எங்களோடு வெயிலில் நின்று கைதட்டினார்.

இந்த மார்ச்சில் அடுத்த கப்பலுக்குப் பெயர் வந்தது: சாலமன் ஈஸ்லி. துறைமுகக் கூலிகளுக்காகப் போராடிய போதகர். வரைபடத்தை ரஸ்ஸலே கொண்டுவந்து கொடுத்தார். "மூணு தடவை சரிபார்த்தாச்சு. தைரியமா ஆரம்பி."

"உன்னை நம்பாம இல்லை, ரஸ்ஸல் யூஜீன் லாட்னர். ஆனா வீட்டுக்காரங்களை ஒரு வார்த்தை கேக்காம நான் தொடமாட்டேன்."

ஈஸ்லியின் மகளுக்கு வயது எண்பத்தொன்று. வேறு மாநிலத்தில் இருக்கிறார். எங்கெங்கோ விசாரித்து அவருடைய எண்ணை வாங்கி வைத்திருந்த ஆல்மெட்டா, சாரத்தடியில் நின்றபடியே கூப்பிட்டார்.

"அம்மா, நான் ஆல்மெட்டா டெடியோ. உங்கப்பா பேருல கப்பல் கட்டுறோமே, அங்கேர்ந்து பேசுறேன். அவர் பேரை ஒவ்வொரு எழுத்தாச் சொல்றீங்களா?"

மறுமுனையில் குரல் மெலிவாக இருந்திருக்க வேண்டும். ஆல்மெட்டா போனைக் காதோடு அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு, இன்னொரு கையை மேலே உயர்த்தினார். இரும்பை உரசிக்கொண்டிருந்த கிரைண்டர்கள் ஒவ்வொன்றாக நின்றன.