மரமேறும் கதிரை

எங்கள் வீட்டில் ஆளுக்கொரு வேலை இருந்தது. அப்பா தொழிற்சாலைக்குப் போனார். அம்மா வீட்டைப் பார்த்தார். மாமி ஒரு பல் வைத்தியரிடம் வேலை செய்தார். கவலைப்படுவது என் பொறுப்பு. ஒன்பது வயதில் அதை யாரும் கேட்காமலே நான் ஏற்றுக்கொண்டிருந்தேன். படுக்கப்போகுமுன் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு கட்டிலில் கிடந்து, சரியாகப் பார்த்தேனா என்று கவலைப்படுவேன். அப்படிப்பட்டவளிடம் அப்பா ஒருநாள், தான் மரத்தில் ஏறியிருந்து மான் சுடப்போவதாகச் சொன்னார்.

அப்பாவுக்கு மான்களோடு எந்தப் பகையும் இல்லை. எனக்குத் தெரிய அவர் கொன்றது நுளம்பு மட்டும்தான். இது மாமியின் கலியாணத்துக்காக. மாமி என்றால் அப்பாவின் தங்கை. ரொறன்ரோவில், வோபர்ன் பகுதியில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்து அறையில் இருந்தார். முப்பத்திரண்டு வயது, அதைச் சொல்லும்போது அம்மாவின் குரல் தானாகத் தாழும். எத்தனையோ இடம் பேசித் தட்டிப்போய், கடைசியில் பக்கத்து ஊரான விட்பியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. சாதகக் குறிப்புப் பார்த்தார்கள், நன்றாகப் பொருந்தியது. மாப்பிள்ளை இரண்டு தரம் வந்து கதைத்துவிட்டுப் போனார். மாமிக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. தொலைபேசி அடித்தால் படிகளில் இரண்டிரண்டாகப் பாய்ந்து வருவார். அதற்குமுன் மாமி ஓடி நான் பார்த்ததில்லை.

மாப்பிள்ளைக்கு ஓர் அண்ணர் இருந்தார். தகப்பன் இல்லாத வீடு என்பதால் அவர் வைத்ததுதான் அங்கே சட்டம். எங்களுக்குள் அவரை விட்பிக்காரர் என்போம். அவருக்கு மான் வேட்டையில் பைத்தியம். ஒவ்வொரு நவம்பரும் வேலையிடத்து வெள்ளைக்காரர்களோடு வடக்கே காட்டுக்குப் போவார். முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோதே, செத்த மான்களின் படங்கள் நிறைந்த அல்பம் ஒன்றைக் கொண்டுவந்து அம்மாவின் பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்தார்.

"இந்தமுறை நீங்களும் வாங்கோ. ஒண்டுக்குள்ளை ஒண்டாகப் போறம். காட்டிலை ரெண்டு நாள் இருந்தால்தான் ஆளை ஆள் விளங்கும்" என்றார்.

அப்பா "ஓம், ஓம், கட்டாயம்" என்றார். வகுப்பு, பரீட்சை, அனுமதிப் பத்திரம் என்று ஒவ்வொன்றாக முடித்தார். மிச்சமிருந்தது கதிரை.

நிலத்தில் நிற்கிற மனிதனின் மணம் மானுக்குப் பிடிபட்டுவிடுமாம். அதனால் வேட்டைக்காரர்கள் மரத்தில் ஏறி இருப்பார்கள். அதற்கென்றே ஒரு கதிரை விற்கிறது. இரண்டு துண்டு. மேல்துண்டில் இருக்கலாம், கீழ்த்துண்டு கால் வைக்கிற தட்டு. இரண்டையும் மரத்தைச் சுற்றிக் கம்பி வடத்தால் கொழுவ வேண்டும். இருந்துகொண்டு காலால் தட்டை உயர்த்துவது, பிறகு தட்டில் எழுந்து நின்று இருக்கையை உயர்த்துவது. இப்படியே புழு ஊர்கிற மாதிரி மேலே போய்விடலாம்.

கடைக்கு அப்பா என்னையும் கூட்டிப்போனார். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாதென்றில்லை. கடைக்காரரைக் கண்டால் மட்டும் அது எங்கேயோ போய் ஒளித்துக்கொள்ளும். கடைப் பையன் மூன்று கதிரைகளை எடுத்துவைத்தான். ஒன்று பாரமில்லாதது, ஆனால் இருக்கை வெறும் துணி. மற்றது சத்தம் போடாதது, ஆனால் ஒடுங்கியது. மூன்றாவது பாரம்தான், ஆனால் இருப்பவரைச் சுற்றி ஒரு இரும்புச் சட்டம் இருந்தது. மேல்துண்டையும் கீழ்த்துண்டையும் கூடவே வருகிற இந்தக் கயிற்றால் கட்டாமல் ஒருபோதும் ஏறக்கூடாது, தட்டு காலிலிருந்து கழன்றால் நடுமரத்தில் மாட்டிக்கொள்வீர்கள் என்று அவன் என்னைப் பார்த்துச் சொன்னான். இடுப்புப் பட்டியும் கட்டாயம் என்றான். நான் ஒரு சொல் விடாமல் அப்பாவுக்குச் சொன்னேன்.

"எது நல்லது?" என்று அப்பா என்னையே கேட்டார்.

சட்டம் வைத்ததைக் காட்டினேன். அப்பா அதை வாங்கினார். அந்தக் கணத்திலிருந்து அவர் விழுந்தால் அது என் குற்றம் என்றாகிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விட்பிக்காரர் வந்தார். கதிரையைப் பின்வளவு மேப்பிள் மரத்தில் கொழுவி, எப்படி ஏறுவதென்று அப்பாவுக்குக் காட்டித்தரப் போகிறாராம். மாமி புதுச் சேலையில் தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். விட்பிக்காரர் இரண்டு கோப்பை குடித்துவிட்டு, நல்ல சாயம் என்று பாராட்டினார். பிறகு கயிற்றையும் பட்டியையும் எடுத்து அப்பால் போட்டார்.

"உதெல்லாம் பழகாத ஆக்களுக்கு" என்றார்.

கயிறு புல்லில் கிடந்தது. கடைப் பையன் சொன்னது எனக்கு நினைவிருந்தது. வாய்வரை வந்தது. ஆனால் மாப்பிள்ளை வீட்டுக்காரர் முன்னால் வாய் திறக்கக்கூடாது என்று அம்மா காலையில்தான் சொல்லியிருந்தார். நான் கயிற்றையும் அவர் காலையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் மளமளவென்று பதினைந்து அடி ஏறிவிட்டார். மேலே இருந்தபடி கீழே திரும்பி அப்பாவிடம் என்னவோ சொன்னார். அப்போது தட்டு அவர் காலிலிருந்து கழன்று, மரத்தை உராய்ந்துகொண்டு அடிவரை வந்து விழுந்தது. அவர் இருக்கையில் கால் தொங்க இருந்தார். பயத்தில் அவர் முன்னால் சாய்ந்து மரத்தைக் கட்டிப்பிடிக்க, பாரம் மாறி, இருக்கை ஒரு சாண் சறுக்கி நின்றது. அவர் "ஐயோ" என்றார். சட்டம் வைத்த கதிரை என்று நான் நம்பியிருந்தது ஒன்றுக்கும் உதவவில்லை.

எங்களிடமிருந்த ஏணி பாதிக்குக்கூட எட்டாது. அப்பா சப்பாத்தைக் கழற்றினார். சப்பாத்து ஏன் என்று நான் யோசிக்குமுன் அம்மா குசினியிலிருந்து ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம். நைன் வன் வன்னுக்கு அடிப்பம், அவையள் வந்து இறக்குவினம். உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன், நீங்கள் ஏறாதேங்கோ."

ஒரு மனிதன் விழப்போகிறார், அம்மா தடுக்கிறார். எனக்கு அம்மாமேல் வந்த கோபத்தை இன்றுவரை மறக்கவில்லை. அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு பின்கதவில் தேத்தண்ணீர்த் தட்டோடு நின்ற மாமியைப் பார்த்தார். மேலே இருக்கை மறுபடி கிரீச்சிட்டது.

"அண்ணை, ஏறுங்கோ" என்றார் மாமி.

அப்பா புல்லில் கிடந்த கயிற்றை எடுத்தார். இரண்டு மடிப்பாக்கி முறுக்கி, ஒரு வளையமாக முடிந்து, இரண்டு பாதங்களுக்கும் இடையில் மாட்டினார். கை நினைத்துப் பார்க்கவே இல்லை, தானாகச் செய்தது. மரத்தை அணைத்தார், கால்களைச் சேர்த்து உந்தினார், ஏறினார். என் அப்பா, மாடிப்படி ஏறினால் முழங்கால் நோகிறது என்று முனகுகிற அப்பா, விட்பிக்காரருக்கு எதிர்ப்பக்கமாக, தட்டின் கம்பி வடத்தை ஒரு கையால் மேலே மேலே தள்ளிக்கொண்டு ஏறினார். தட்டை அவர் காலடியில் பொருத்தினார். "இப்ப மிதியுங்கோ. பயப்பிடாதேங்கோ. நான் கீழை நிக்கிறன்" என்றார். பிறகு அங்குலம் அங்குலமாக அவரை இறக்கிக்கொண்டு வந்தார்.

நான் கை தட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை.

விட்பிக்காரர் புல்லில் இருந்து மூச்சு வாங்கினார். அப்பாவின் முகத்தை அவர் பார்க்கவில்லை. அப்பாவின் பாதத்தைத்தான் பார்த்தார், கயிற்று வளையம் இன்னும் அங்கே கிடந்தது.

"தளைநாரெல்லாம் போட்டு ஏறுறியள். எங்கை பழகினது?"

"சின்னனிலை" என்றார் அப்பா.

"ஊர் யாழ்ப்பாணம் டவுன் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

அப்பா குனிந்து கயிற்று வளையத்தைக் கழற்றினார். மாமி தேத்தண்ணீரை நீட்டினார். விட்பிக்காரர் கோப்பையைத் தொடவில்லை. வேண்டாம், நேரமாச்சு என்று எழுந்து, சட்டையில் ஒட்டியிருந்த மரப்பட்டையைக்கூடத் தட்டாமல் காருக்குப் போனார். பயந்தவர்களுக்குத் தொண்டைக்குள் ஒன்றும் இறங்காது என்று நான் நினைத்தேன். இன்றைக்கும் அந்தக் கோப்பையை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

செவ்வாய்க்கிழமை தொலைபேசி வந்தது. மாமி பாய்ந்து வந்து எடுத்தார், "ஓம்" என்று மூன்று தரம் சொன்னார், வைத்தார். குறிப்பை வேறொருவரிடம் காட்டினார்களாம், பொருந்தவில்லையாம். இரண்டு மாதத்துக்கு முன் பொருந்திய கிரகங்கள் நான் காட்டிய கதிரையால்தான் இடம் மாறின என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. மாமியின் அறைக்குப் போய் அழுதேன். பிழையான கதிரையைத் தெரிவுசெய்தது நான்தான், கயிற்றைப் பற்றி வாய் திறக்காததும் நான்தான் என்றேன். மாமி என்னை மடியில் இழுத்துவைத்துக்கொண்டு என் தலையைப் பின்னிவிட்டார்.

அப்பாவின் அப்பா பனை ஏறிக் கள் இறக்கியவர் என்பது எனக்குப் பதினெட்டு வயதில்தான் தெரிந்தது. தளைநார் என்பது பனையேறிகள் காலில் மாட்டுகிற வளையம். அப்பாவும் பதினாறு வயதுவரை தகப்பனோடு ஏறியிருக்கிறார். அந்தத் தொழிலை வைத்து எங்களைக் கிணற்றடிக்கும் விடாதவர்கள் விமானமேறி ரொறன்ரோ வந்த பிறகும் கலியாணம் என்றால் முதலில் அதைத்தான் விசாரித்தார்கள். அதனால் எங்கள் வீட்டில் ஊரை மாற்றிச் சொன்னார்கள், தாத்தாவுக்கு வாயாலேயே ஒரு கடையும் வைத்துக்கொடுத்தார்கள். அம்மாவும் அப்பாவும் மாமியும் இருபது வருடமாகக் காப்பாற்றிய பொய் அது. இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் மாமி. பிறகு அவர் கலியாணம் செய்யவில்லை. ஏன் அப்பாவை ஏறச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "பின்னை? அந்த மனிசனை விழவிட்டிட்டு அவரின்ரை தம்பியைக் கட்டுறதே?" என்றார்.

தொலைபேசி வந்த அந்த வாரச் சனிக்கிழமை கதிரையைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்குப் போனோம். வழக்கம்போல மொழிபெயர்க்க நான் போனேன். அதே பையன்தான் நின்றான். இதில் என்ன பிழை என்று கேட்டான். சறுக்குகிறது, சரியில்லை என்று நான் வழி முழுக்கப் பாடமாக்கி வைத்திருந்தேன். நான் வாய் திறக்குமுன் அப்பா என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார்.

"நோ புறொப்ளம். வெரி குட் செயார்" என்றார். "ஐ டோன்ற் நீட். மை ஃபாதர், ஹி கிளைம்ப் த ட்றீ. எவ்ரி டே. மீ ஓல்சோ."

பையன் "கூல்" என்றுவிட்டு ரசீதைத் தேடினான். அப்பாவுக்கு அது போதவில்லை. இன்னும் உரக்க, வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி, "மை ஃபாதர்! எவ்ரி டே!" என்றார். அவருடைய ஆங்கிலம் எனக்குக் கூச்சமாக இருந்தது. சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"அப்பா, ஸ்ரொப் இற். ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும்" என்றார் அப்பா.

எனக்கு ஒரே வெட்கம். காருக்குப் போய்ச் சேரும்வரை, அவரோடு வந்தவள் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது என்பதற்காக, நாலடி பின்னாலேயே நடந்தேன்.