இடது ஓரம், ஐந்தாவது வரிசை

டெல்லிக்கு வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இதில் பத்துப் பன்னிரண்டு குடியரசு தின அணிவகுப்பாவது பார்த்திருப்பேன். ஒன்றைக்கூட எனக்காகப் பார்த்ததில்லை. ஜனவரி பிறந்ததும் ஊரிலிருந்து போன் வரும். பொங்கல் நல்லபடியாக முடிந்ததா என்று விசாரித்துவிட்டு, "பாஸ் கெடைக்குமா?" என்பார்கள். மத்திய அரசில் வேலை பார்க்கிறவன் வீட்டில் அணிவகுப்பு பாஸ் மரத்தில் காய்க்கிறது என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. நானும் அந்த நம்பிக்கையைக் கெடுத்ததில்லை. கெடுத்தால் எனக்கு என்ன மதிப்பு?

வருகிறவர்களுக்காக ஒரு திட்டம் வைத்திருக்கிறேன். ஆபீசிலேயே டைப் செய்து, வருடா வருடம் தேதியை மட்டும் மாற்றிக்கொள்வேன். விடுமுறை திங்கட்கிழமை வந்தால் சனியும் ஞாயிறும் சேர்ந்து மூன்று நாள். முதல் நாள் காலை மலைமேல் முருகன் கோயில், மதியம் சாணக்யபுரியில் நம் மாநில விருந்தினர் இல்லத்து கேன்டீனில் சாப்பாடு. இரண்டாம் நாள் குதுப் மினார், பிறகு கடைவீதி. இந்தியா கேட் பக்கம் அந்தச் சமயத்தில் விடமாட்டார்கள். செங்கோட்டையும் மூடியிருக்கும், வெளியே நின்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். மூன்றாம் நாள் அணிவகுப்பு, மாலையில் ராஷ்டிரபதி பவன் விளக்கு அலங்காரம். கீழே குறிப்பு என்று போட்டு, ஸ்வெட்டர் அவசியம், உள்ளே சாப்பாடு கொண்டுபோகக் கூடாது என்றும் எழுதியிருப்பேன். என் மனைவி இதற்கு அரசாணை என்று பெயர் வைத்திருக்கிறாள்.

அந்த வருடம் வந்தது என் அக்கா. அவள் ஊர் பார்க்க வரவில்லை. அவள் மகன் அணிவகுப்பில் நடக்கிறான், அவனைப் பார்க்க வந்தாள்.

பையன் ராணுவத்தில் சேர்ந்து மூன்று வருடம். பயிற்சி முடிந்து சத்தியப் பிரமாணம் எடுக்கும் நாளில் பெற்றோரைக் கூப்பிடுவார்கள். பிள்ளைகள் சீருடையில் நடந்து வருவதை அம்மா அப்பாமார் உட்கார்ந்து பார்ப்பார்கள். அந்த வாரம்தான் அத்தானுக்குத் திருநெல்வேலியில் இருதய ஆபரேஷன். அக்கா போகவில்லை. "எல்லார் அம்மாவும் வந்திருந்தாங்க" என்று பையன் போனில் ஒரே ஒரு தடவை சொன்னானாம், அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவன் மறுபடியும் சொல்லியிருந்தால்கூட அக்காவுக்கு ஆறியிருக்கும். அவன் சொல்லாமல் விட்டதுதான் அவளுக்குள்ளே கிடந்து அரித்தது.

டிசம்பரிலேயே அவன் பிரிவு டெல்லி கன்டோன்மென்டுக்கு வந்துவிட்டது. என் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. ஆனால் முகாமை விட்டு வெளியே வர அனுமதி கிடையாது. பனியில் விடிவதற்குள் ஒத்திகை. அணிவகுப்பு முடிந்த மறுநாள் அதிகாலையிலேயே திரும்பவும் எல்லைக்கு ரயில். எனவே அக்கா அவனைப் பார்ப்பதென்றால் அவன் நடந்து போகும் அந்த ஒரு நிமிடம்தான். நான் பாஸ் வாங்கிவிட்டேன் என்று தெரிந்ததும் என்னைக் கூப்பிட்டான்.

"மாமா, ஒரு வரிசைக்குப் பன்னெண்டு பேரு. நான் அஞ்சாவது வரிசைல எடது ஓரம். இந்தியா கேட்டப் பாத்து நடப்போம். அம்மாவ எடது பக்கமா உக்கார வைங்க. அங்கன இருந்தா நான் நல்லாத் தெரிவேன்."

நான் அரசாணையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். இடது ஓரம், ஐந்தாவது வரிசை. எனக்குக் கிடைத்திருந்த இரண்டு பாஸும் இடது பக்கத்து என்க்ளோஷருக்குத்தான், அதாவது அந்தப் பக்கத்துப் பார்வையாளர் அடைப்புக்கு. அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த அதிர்ஷ்டத்தை நானே கெடுத்தேன்.

எங்கள் ஆபீசில் ஜனவரி மாதம் ஒருவனுடைய கனம் என்ன என்பது அவன் கையில் இருக்கும் பாஸில் தெரியும். பியூன் முதல் அதிகாரி வரை யாருக்கு எந்த இடம் என்பது மூன்றாம் வாரத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். கேன்டீனில் டீ குடிக்கும்போது ஒருவரை ஒருவர் விசாரிப்போம். சம்பளத்தைக் கேட்டால்கூட அவ்வளவு கூச்சம் இருக்காது. வெள்ளிக்கிழமை மாலை பக்கத்து செக்ஷன் அதிகாரி என் மேஜைக்கு வந்தார். அவரிடம் ஜனாதிபதி மேடைக்குப் பக்கத்திலேயே, மேடை இருக்கும் அதே வரிசையில் இரண்டு பாஸ். அவருடைய மாமனாருக்கு முட்டிவலி, மெட்ரோவிலிருந்து அதிகம் நடக்க முடியாது. என்னுடைய என்க்ளோஷர் ஸ்டேஷனுக்குக் கிட்டே.

"பாயி சாஹப், பதல் லேங்கே க்யா?" என்றார். மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கிறார்.

மேடை வலது பக்கம். பையன் சொன்னது இடது பக்கம். இது எனக்கு நினைவில்லாமல் இல்லை. நினைவிருந்தது. பக்கம் என்ன பெரிய பக்கம், கிட்டத்தில் இருந்தால் எந்தப் பக்கத்திலிருந்தும் தெரியும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்த நிமிடம் என் கண்ணில் பட்டது அந்த அட்டைதான். அத்தனை வருடத்தில் அப்படி ஓர் அட்டை என் கைக்கு வந்ததில்லை. மாற்றிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி கேட்டாள்: "என்னங்க, அவன் சொன்ன பக்கத்தையே மாத்திட்டீங்களே?"

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது. ஜனாதிபதிக்குப் பக்கத்துல உக்காரப் போறா எங்கக்கா" என்று எரிந்து விழுந்தேன். தப்பு என்று உள்ளே தெரிகிறபோதுதான் எனக்குக் கோபம் அதிகமாக வரும். அவள் சமையலறைக்குப் போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை அக்கா வந்து இறங்கினாள். கையில் ஒரு பை, ஒரு டின். டின் நிறைய முந்திரிக்கொத்துப் பலகாரம். "அவங்கிட்ட குடுக்க முடியாதுன்னு தெரியும். கொண்டு வராமலும் இருக்க முடியலல" என்றாள். கோயிலுக்குப் போனோம். கேன்டீனில் சாப்பிட்டோம். ஞாயிற்றுக்கிழமை குதுப் மினாரை அண்ணாந்து பார்த்துவிட்டு, "உசரந்தான்" என்றாள். அவ்வளவுதான். அவளுக்கு நான் காட்டிய எதுவும் கண்ணில் ஏறவில்லை. ரோட்டில் ராணுவ லாரி போனால் மட்டும் ஆட்டோவிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் பாஸை எடுத்துக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏல, இது அவன் சொன்ன பக்கந்தான?"

"அதவிட நல்ல எடம்க்கா. பெரிய பெரிய ஆளுகளே இங்க எடங் கேட்டு அலையுதாங்க."

"அப்பச் சரி" என்றாள். நான் எது சொன்னாலும் சரி என்பாள். டெல்லி விஷயம் தம்பிக்குத்தான் தெரியும் என்று அவளுக்கு எண்ணம். அதை வளர்த்துவிட்டவனும் நானே.

திங்கட்கிழமை இருட்டோடு கிளம்பினோம். அக்கா அரக்கு நிறச் சேலை கட்டி, மேலே என் மனைவியின் சாம்பல் நிற ஸ்வெட்டரைப் போட்டிருந்தாள். மனைவி வீட்டில் டிவியில் பார்ப்பதாக ஏற்பாடு. ஊரில் அத்தானும் அப்படித்தான். மூன்று இடத்தில் சோதனை. பையைத் திறந்து, சீப்பை எடுத்து, திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு விட்டார்கள். எட்டு மணிக்கெல்லாம் இடத்தில் உட்கார்ந்தாயிற்று. மேடை அவ்வளவு பக்கம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சுற்றிலும் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அக்காவுக்கு ஒவ்வொருவராகக் காட்டினேன். அவள் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு, வெறும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் படைப்பிரிவு எங்களைக் கடந்தபோதுதான் நான் செய்த காரியம் எனக்குப் புரிந்தது. டிவியில் பார்க்கும்போது மேலிருந்து காட்டுவார்கள், கட்டம் கட்டமாக எல்லாரும் தெரிவார்கள். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் கிட்டத்து வரிசை ஆட்கள் மட்டும்தான் ஆட்கள். அவர்களுக்குப் பின்னால் தொப்பிகள். அந்தக் கடைசி ஓரத்தில் இருப்பவனை மற்ற பதினோரு பேரும் சுவர் மாதிரி மறைத்துக்கொண்டு போனார்கள். இத்தனை அணிவகுப்பு பார்த்தவனுக்கு இது தெரியாதா என்று கேட்டால், அதுவரை நான் யாரையும் தேடிப் பார்த்ததில்லை.

ஒலிபெருக்கியில் அவன் ரெஜிமென்ட் பெயரைச் சொன்னார்கள். அக்கா எழுந்து நின்றுவிட்டாள். பின்னாலிருந்து யாரோ, "மாதாஜி, பைட் ஜாயியே" என்று உட்காரச் சொல்லிச் சத்தம் போட்டார். நான் திரும்பி அவரை முறைத்தேன். அதற்குள் படை மேடைக்கு நேரே வந்துவிட்டது. "தாஹினே தேக்!" என்று, வலப்பக்கம் பார்க்கச் சொல்லி ஒரு கட்டளை. எங்களை ஒட்டிய வரிசை நேராகப் பார்த்தபடி நடக்க, மற்ற அத்தனை தலையும் ஒரே வெட்டில் எங்கள் பக்கம் திரும்பின. எல்லாருக்கும் ஒரே மீசை, ஒரே தாடை. நான் ஒன்று, இரண்டு என்று வரிசையை எண்ணினேன். ஐந்தாவது வந்தது. அந்தக் கோடியில் ஒரு தொப்பியின் உச்சியில் இருந்த இறகு மட்டும் அசைந்தது. பிறகு முதுகுகள். அவ்வளவுதான், போய்விட்டார்கள்.

அக்கா முதுகுகள் மறையும்வரை நின்றுவிட்டு உட்கார்ந்தாள்.

"பாத்தியாக்கா?"

"பாத்தேம்ல."

"நான் சொல்லல? நல்ல எடம்னு!"

எனக்கு அப்படி ஒரு நிம்மதி. எனக்குத் தெரியாவிட்டால் என்ன, பெற்றவள் கண்ணுக்குத் தெரியாமலா போகும் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் ஒட்டகம் வந்தது, பீரங்கி வந்தது, மாநிலங்களின் அலங்கார வண்டிகள் வந்தன. கடைசியில் விமானங்கள் காது செவிடாகும்படி பறந்தபோது ஜனம் மொத்தமும் அண்ணாந்து பார்த்தது. அக்கா மட்டும் மடியில் கையை வைத்துக்கொண்டு கீழே பார்த்தபடி இருந்தாள்.

சாயங்காலம் விளக்கு அலங்காரம் பார்க்கக் கிளம்பும் நேரத்தில் அவன் போன் செய்தான். அக்காவுக்கு ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசத் தெரியும். நான் ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, பாத்தியா?"

"பாத்தேண்டா. ராசா மாதிரி நடந்த."

"நானும் ஒன்னப் பாத்துட்டேன்மா." அவன் குரல் சந்தோஷத்தில் கிறீச்சிட்டது. "தலயத் திருப்பப்படாது. மேடைக்கு முன்னாடியே கண்ண மட்டும் ஒரு நொடி எடது பக்கம் ஓட்டினேன். பச்சச் சேல, வெள்ளச் சால்வ. எந்திரிச்சு நின்னியே! நீ நின்னது எனக்குத் தெரிஞ்சிட்டு."

அறையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் ஷூ கயிற்றைப் பார்த்தேன். அக்கா இன்னும் அந்த அரக்குச் சேலையில்தான் இருந்தாள்.

"ஆமாடா" என்றாள் அக்கா. ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "நாந்தான். ஒன்னப் பாத்ததும் உக்கார முடியல."

"பக்கத்துல மாமாவக் காணலியே?"

"அவன எங்க. சரியா நீ வார நேரம் பாத்து ஒண்ணுக்குப் போயிட்டான்."

போனில் பையன் விழுந்து விழுந்து சிரித்தான். அக்காவும் சிரித்தாள். முந்திரிக்கொத்து கொண்டுவந்தது, அப்பா டிவி முன்னால் உட்கார்ந்தது என்று பேசி, உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லி வைத்தாள்.

"அக்கா, நீ அவனப் பாக்கலியா?" என்று கேட்டேன்.

"தொப்பிதான் தெரிஞ்சுது. எது அவன் தொப்பின்னு தெரியல."

"அப்பம் ஏன் பாத்தேன்னு சொன்ன?"

"ஒன் மொகத்துல அவ்வளவு பெருமை இருந்துது. என்னத்தச் சொல்ல?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐம்பத்தோரு வயதில், ஒரு கால் ஷூவோடு, அழுதேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"ஏல, நாளைக்கு எனக்கு எத்தன மணிக்கு ரயிலு?"

"சாயங்காலம்."

"அப்பம் காலைல என்னக் கடைக்குக் கூட்டிட்டுப் போ. ஒரு பச்சச் சேல எடுக்கணும். வெள்ளச் சால்வையும் வேணும். லீவுல வரும்போது கேப்பான்."

செவ்வாய்க்கிழமை ஆபீசுக்கு லீவு போட்டேன். சரோஜினி நகர் மார்க்கெட்டில் கடை கடையாக ஏறி இறங்கினோம். என்ன பச்சை என்று அவனிடம் கேட்க முடியாது. கிளிப்பச்சையா, இலைப்பச்சையா, பாட்டில் பச்சையா? கடைக்காரர் எல்லாவற்றையும் விரித்துப் போட்டுவிட்டு, "கௌன் ஸா சாஹியே, பெஹன்ஜி?" என்று, எதுதான் வேண்டும் எனக் கேட்டு அலுத்துக்கொண்டார். தூரத்திலிருந்து ஒரு நொடி பார்த்தவனுக்கு எது பச்சையாகப் பட்டிருக்கும் என்று அக்கா என்னைக் கேட்டாள். நான் ஒவ்வொரு சேலையையும் அவள் தோளில் போட்டு, கடைக்கு வெளியே ரோட்டின் எதிர்ப்பக்கம் போய் நின்று, கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தேன். கடைசியில் இலைப்பச்சை என்று முடிவு செய்தோம்.

முந்திரிக்கொத்து டின்னை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள். எனக்கு அதில் ஒன்றுகூட இறங்கவில்லை. மனைவி அக்கம்பக்கத்தில் கொடுத்தாள்.

ஜூன் மாதம் பையன் லீவில் ஊருக்குப் போனான். அந்த வெயிலில் அக்கா பச்சைச் சேலை கட்டி, வெள்ளைச் சால்வையும் போர்த்திக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறாள். சால்வை எதற்கு என்று அத்தான் கேட்டதற்கு, அதை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டாளாம். வண்டியிலிருந்து இறங்கியவன் பிளாட்பாரத்திலேயே நின்று அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதேதாம்மா" என்றானாம்.