அம்மா பேர் ராசி

எங்கள் வீட்டில் எது வாங்கினாலும் அம்மா பேரில்தான் வாங்குவார்கள். அவள் பேரில் எழுதிய படகு ஒருநாளும் வெறும் வலையோடு காசிமேட்டுக்குத் திரும்பியதில்லை என்பார் அப்பா. அதனால் ஸ்கூட்டியும் அவள் பேரில். இன்ஸூரன்ஸ் முடிந்தபோது, "கடல்ல போற போட்டுக்கே இல்ல, இதுக்கு எதுக்கு?" என்று விட்டுவிட்டார்.

பதினேழு வயதுத் தம்பி, லைசென்ஸ் இல்லாமல், அந்த ஸ்கூட்டியில் மீனுக்கு ஐஸ் வாங்கப் போனபோது எண்ணூர் சாலையில் ஒரு சைக்கிள்காரரை இடித்து அவர் காலை உடைத்தான். ஸ்டேஷனில் யார் ஓட்டியது என்று கேட்ட கையோடு, வண்டி யார் பேரில் என்று கேட்டார்கள். எனக்கு அது விசித்திரமாக இருந்தது. தம்பியின் வழக்கு சிறார் வாரியத்துக்குப் போனது. இருபத்தைந்து வயதுவரை அவனுக்கு லைசென்ஸ் கிடையாதாம். கோர்ட்டில் கூண்டில் ஏறி நின்றவள், சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத அம்மா. உடைந்த காலுக்கு நஷ்டஈடும் அவள் தலையில்தான்.

"நான் மார்க்கெட்ல மீன் வித்துகினு இருந்தேன். என்னை ஏன் சார் கேக்குறாங்க?" என்றாள் வக்கீலிடம்.

"வண்டி உங்க பேர்ல இருக்குதேம்மா."

அன்றிலிருந்து தெருவில் எந்தப் பையன் வண்டியில் பறந்தாலும், அது எந்த அம்மா பேரில் இருக்குமோ என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

போன வாரம் புதுப் படகு வாங்கும் பேச்சு வந்தது. அப்பா வழக்கம்போல அம்மாவைப் பார்த்தார். மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் தலையைத் தூக்கவில்லை.

"இந்தத் தபா உன் பேர்ல எழுதுய்யா. உன் ராசி எப்டி கீதுன்னு பாக்கலாம்."