ஏரிக்கரை ஓட்டலில் ஓரகத்தியோடு ஒரு நாள்

போன தை மாதம், பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள், எங்கள் கல்யாண நாளுக்கென்று ஏற்காடு ஏரிக்கரையில் ஒரு ஓட்டலில் ரூம் போட்டுவிட்டாள். கரடியூரில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அந்த ஏரிக்குப் பஸ்ஸில் அரைமணி நேரம்கூட ஆகாது.

"ஊடு இங்க இருக்கறப்போ அங்க போயி எதுக்குத் தூங்கோணும்?" என்றார் வீட்டுக்காரர். "வாசல்ல மொளகு காயுது. மழை வந்தா யாரு அள்ளறது? ஆளு ஒருத்தரு காவலுக்கு வேணுமில்ல?"

மகள் போனில் அழாத குறை. பக்கத்து வீட்டில் இருக்கும் என் மூத்த ஓரகத்தி, வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர்தான், "ரூமு வீணாப் போவ வேண்டாம். நான் வர்றேன் கண்ணு" என்று துணிப்பையோடு வந்து நின்றார். இருபத்தைந்து வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து வீடு. ஆனாலும் நாங்கள் இருவர் மட்டும் தனியாக எங்கேயும் போனதில்லை.

ஏற்காடு எனக்குப் புதுசில்லை. பேங்குக்கும் ஆஸ்பத்திரிக்கும் போவேன், வேலை முடிந்ததும் ஓடிப்போய்ப் பஸ் பிடிப்பேன். ஏரிக்கரை ரோட்டில் சாவகாசமாக நடந்தது அன்றுதான். கண்ணாடிச் சுவர் வைத்த காபிக் கடைகள், தண்ணீரைப் பார்த்துப் போட்ட நாற்காலிகள், வெள்ளைக் குடைகள். ஒரு பெண் தன் நாய்க்குட்டிக்கு ஸ்வெட்டர் போட்டுக் கூட்டிப் போனாள். அக்கா நின்று, அது மறையும்வரை பார்த்தார்.

ஓட்டலில், "எந்த ஊருங்க மேடம்?" என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "சேலம் பக்கமுங்க" என்றார். மாடிப்படி ஏறும்போது என் காதில், "கரடியூருன்னு சொன்னா சிரிப்பாங்க கண்ணு" என்றார்.

சாயங்காலம் பெடல் போட்டில் ஏறினோம். நான் முன்னால் மிதித்தால் அவர் பின்னால் மிதித்தார். படகு நின்ற இடத்திலேயே சுற்றியது. பிறகு எப்படியோ நகர்ந்து, எதிர்க்கரைப் புல்லில் போய்ச் செருகிக்கொண்டது. சிரிப்பில் எங்கள் கால்கள் ஓயவே, சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு தம்பதி தங்கள் போட்டைப் பக்கத்தில் கொண்டுவந்து எங்களை இழுத்துவிட்டார்கள்.

"முதல் தடவையா வர்றீங்களா?" என்று அந்த மனிதர் கேட்டார். அக்கா தலையாட்டினார்.

"அப்போ நாளைக்குக் கண்டிப்பா கரடியூர் போங்க. இன்னைக்கு மத்தியானம் போயிட்டு வந்தோம். அவ்வளவு அழகு."

"அப்படீங்களா? அங்க என்னங்க இருக்குது?" என்றார் அக்கா, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

அவர் போனில் படங்களைக் காட்டினார். வியூ பாயிண்ட், கீழே தெரியும் சமவெளி, காபிச் செடிகள். அடுத்த படத்தில் ஒரு வீட்டு வாசல். பாய் நிறைய மிளகு காய்கிறது. பக்கத்தில் நாற்காலியில் ஒருவர் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு மல்லாந்து தூங்குகிறார். மிளகின் நடுவில் இரண்டு கோழிகள் சாவகாசமாகக் கிளறிக்கொண்டிருந்தன.

"பாவம், காவல்காரர் போல" என்றார் அந்த அம்மா.

அக்கா என் தொடையைக் கிள்ளினார். எனக்கு மனசு கேட்கவில்லை. "அவரு என்ற ஊட்டுக்காரருங்க" என்றேன்.

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்த நொடி நால்வரும் சிரித்த சிரிப்பில், கரையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கரையேறியதும் அவர்கள் எங்களை விடவில்லை. வெள்ளைக் குடைக்குக் கீழே உட்கார வைத்துக் காபி வாங்கிக் கொடுத்து, காபிச் செடி எப்போது பூக்கும், மிளகுக் கொடி எத்தனை வருஷத்தில் காய்க்கும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அக்காதான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். "எங்க கரடியூருல" என்றுதான் ஒவ்வொரு பதிலையும் ஆரம்பித்தார். அந்தப் படத்தை மகளுக்கு அனுப்பச் சொன்னேன். அவள் அதை அப்பாவுக்கே அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலை பால்கனியில் உட்கார்ந்தோம். பனி ஏரியை முழுக்க மூடியிருந்தது. போட்டுகள் கட்டியிருந்த இடத்தில் ஏதோ ஒரு பறவை மட்டும் கத்தியது. எழுந்ததும் அடுப்புப் பற்ற வைக்காத காலை எங்கள் இருவருக்குமே அபூர்வம். அக்கா கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, நான் கல்யாணமாகி வந்த புதிதில் தனக்கு என்னைக் கண்டாலே பிடிக்காது என்றார். எனக்கும் அப்படித்தான் என்றேன்.

"இப்போ?"

"இப்போ பரவால்லீங்க."

அவர் சிரித்துவிட்டு, கீழே போன் செய்து இன்னும் இரண்டு காபி சொன்னார்.