நெற்றியைத் துடைத்த துணி

அவரை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. தொழிற்சாலையில் 'சேர்' என்றுதான் கூப்பிடுகிறேன். சம்பளம் வாங்குகிற இடம், கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். இங்கே எழுதுவது நான். அவன் என்றே எழுதுகிறேன்.

தெரணியகலையிலிருந்து பஸ் கீழே இறங்கும் பாதையில், ஒரு காலத்தில் றப்பர் ஷீட் உலர்த்திய கட்டடத்தை இடித்துவிட்டு எங்கள் தொழிற்சாலையைக் கட்டினார்கள். கம்பியூட்டரோடு வைக்கிற பிரிண்டரில் மையைத் தெளிக்கிற பகுதி இருக்கிறதே, அதைப் பொருத்துவதுதான் எங்களுக்கு வேலை. நாங்கள் அதை ஹெட் என்போம். அதன் அடியில் நகத்தளவு ஒரு சில்லு. அது வெளிநாட்டிலிருந்து வரும். அதன்மேல் துளைகள் போட்ட மெல்லிய தகட்டை ஒட்ட வேண்டும். ஒவ்வொரு துளைக்கும் நேர் கீழே ஒரு சூடேற்றி. மின்சாரம் பாய்ந்ததும் கண் இமைப்பதற்குள் மை கொதித்து ஒரு குமிழி எழும்பும். சோறு கொதிக்கும்போது மூடியைத் தள்ளுமே, அதுபோல அந்தக் குமிழி மையைத் துளை வழியாக வெளியே தள்ளும். காகிதத்தில் ஒரு புள்ளி விழும். துளையோ தலைமுடியை விடச் சிறியது. ஒரு தூசி போய் உட்கார்ந்தால் போதும், அச்சடித்த படத்தின் குறுக்கே வெள்ளைக் கோடு ஓடும்.

அதனால் எங்களுக்குத் தலையிலிருந்து கால்வரை வெள்ளை அங்கி, முகமூடி, கையுறை. கண் மட்டும்தான் வெளியே தெரியும். காலையில் நுணுக்குக்காட்டியில் வைத்த கண்ணை சாப்பாட்டு மணி அடித்த பிறகுதான் எடுப்போம். கழுத்து விட்டுப்போகும். ஆனாலும் மலையில் மழையில் நனைந்து தேயிலைக் கொழுந்து பறித்து அட்டைக்கு ரத்தம் கொடுப்பதற்கு இது தேவலை என்று எங்கள் தோட்டத்துப் பெண்கள் பலர் போனோம்.

பக்கத்து இருக்கையில் எங்கள் லயத்து வீட்டு வரிசையில் குடியிருக்கும் அக்கா இருந்தாள். அவளுடைய புருஷன் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்த படுக்கையாகக் கிடந்தான். அந்த வீட்டில் அடுப்பு எரிவது அவள் சம்பளத்தில்தான். படுத்துக் கிடக்கிற மகனை நினைத்து மாமியார் தினமும் காலையில் அவளுக்கு விபூதி பூசித்தான் வெளியே அனுப்புவாள். பூசாமல் வாசற்படி இறங்க விடமாட்டாள். நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள், எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை.

இனி அவன். தரம் பார்க்கிற பொறுப்பு அவனுக்கு. பக்கத்துத் தோட்டத்துக் கிளாக்கர் மகன், என் சித்தப்பா மகனோடு ஒரே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்குப் பலகையில் இருந்து படித்தவன். ஆனால் எங்களிடம் ஒரு வார்த்தை தமிழில் பேச மாட்டான். சிங்களம் எங்களுக்கும் வரும், கடையிலும் பஸ்ஸிலும் பேசுகிற பாஷைதானே. கூட வேலை செய்கிற சிங்களப் பிள்ளைகளே எங்களோடு பாதித் தமிழில் சிரித்துப் பேசுவார்கள். இவனுக்கு மட்டும் தமிழ் பேசினால் வாயில் லயத்து வாடை அடித்துவிடும் போலிருக்கிறது. அவன் சிங்களத்தில் கேட்டால் நான் வேண்டுமென்றே தமிழில் பதில் சொல்வேன். முகம் சுண்டிப்போகும். அதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

அந்த மழைக்காலத்தில் ஹெட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளுபடியாகின. சோதனைக் காகிதத்தில் எங்கே பார்த்தாலும் வெள்ளைக் கோடு. பெரிதாக்கிப் பார்த்தால் துளையோரப் பசையில் சாம்பல் நிறத்தில் ஏதோ துணுக்கு. மேசை துடைக்கும் துணியிலிருந்து கையுறைவரை எல்லாம் தன் பொறுப்பு என்று அவன் மார்தட்டிக்கொள்வான். வெளிநாட்டுத் துணிக்குப் பதிலாக அவனே உள்ளூரில் மலிவாகத் துணி பிடித்து, மனேஜரிடம் பாராட்டும் வாங்கியிருந்தான். அப்படிப்பட்டவன் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்வானா? அக்காவின் நெற்றியைப் பார்த்தான். சாம்பல் கிடைத்துவிட்டது.

மறுநாள் காலையில் உடை மாற்றும் அறை வாசலில் அந்தத் துணியோடு நின்றான். விபூதி பூசுகிற பெண்களை மட்டும் வரிசையில் நிறுத்தினான். "நங்கி, மூண ஹோதலா எண்ட" என்றான். தங்கச்சி முகம் கழுவிக்கொண்டு வர வேண்டுமாம். கழுவிவிட்டு வந்தார்கள். அது போதாதென்று ஒவ்வொரு நெற்றியையும் துணியால் அழுத்தித் துடைத்து, துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வாங்குவதற்கு முன் சட்டியில் ஓட்டை பார்ப்பார்களே, அப்படி. நானும் போய் நின்றேன். நீ வேதக்காரி, உனக்குத் தேவையில்லை, அந்தப் பக்கம் போ என்று சிங்களத்தில் சொன்னான். என்னைச் சுத்தம் என்று சொன்னது எனக்கு அடி வாங்கியதைவிடக் கேவலமாக இருந்தது.

பஸ்ஸில் அக்காவைப் பிடித்துக் கத்தினேன். "ஏன் நெத்தியக் காட்டுனீங்க? கைய தட்டி விட்டிருக்கணும்!"

"தட்டி விட்டுட்டு என்னாத்த திங்கிறது? ஒம்புருஷன் நடமாடுறாரு. நீ பேசுவடி" என்றாள். அவனிடம் வாயைத் திறக்காத அவள்மீதும் எனக்கு அன்று கோபம்தான்.

நெற்றிகளெல்லாம் வெறுமையான பிறகும் வெள்ளைக் கோடு நிற்கவில்லை. மூளை உள்ளவன் வேறு பக்கம் தேடியிருப்பான். இவன் நெற்றியிலிருந்து கழுத்துக்கு இறங்கினான். அக்காவின் தாலி மஞ்சள் கயிற்றில் இருந்தது. சங்கிலி விற்றுப் பல நாளாகிறது. கயிற்றிலிருந்து நூல் உதிர்கிறது, கழற்றிவிட்டு உள்ளே போ, முடியாதென்றால் வீட்டுக்குப் போ என்றான்.

படுத்துக் கிடக்கிற புருஷனை வைத்துக்கொண்டு தாலியைக் கழற்று என்றால் எந்தப் பொம்பிளை கழற்றுவாள்? அது அவனுக்குத் தெரியாதா? அவனும் ஒரு லயத்தைத் தாண்டித்தானே பள்ளிக்கூடம் போனான்! நான் நடுவில் போய் நின்றேன்.

"எங்கழுத்துலயும் தாலி கெடக்கு சேர். இதயும் கழட்டிறவா?"

"ஒயா கதா கரண்ட எப்பா" என்றான். நீ பேசாதே என்று அர்த்தம். என்னுடையது சங்கிலியாம், நூல் இல்லையாம்.

அக்கா அங்கியை மடித்து வாங்கில் வைத்தாள், குடையை எடுத்தாள், போய்விட்டாள். அடுத்த நாள் அவளைக் கொழுந்து மலையில் பார்த்தேன். முதுகில் கூடை, தலையில் ரெட்டுச் சாக்கு, மழை ஊற்றிக்கொண்டிருந்தது. பஸ்ஸுக்கு இறங்கிப்போன நான் கையைத் தூக்கினேன். அவள் தூக்கவில்லை.

அதற்குள் தள்ளுபடியான ஹெட்டுகள் சிலவற்றை மனேஜர் வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்தார். பதில் வந்தது. துளையில் இருந்தது சாம்பலும் இல்லை, மஞ்சள் நூலும் இல்லை. மேசை துடைக்கிற துணியிலிருந்து உதிர்ந்த பருத்தி இழை. அவன் மலிவாகப் பிடித்த துணி. நெற்றிகளைத் துடைத்தானே, அதே துணி. அன்று முழுவதும் நான் முகமூடிக்குள் சிரித்துக்கொண்டே இருந்தேன். சிரிப்பு அடங்கியதும் பக்கத்தில் காலியாகக் கிடந்த இருக்கை கண்ணில் பட்டது.

தேத்தண்ணி நேரத்தில் என்னிடம் வந்தான். மன்னிப்புக் கேட்கவா? அந்த அக்காவை வரச் சொல்லு, மனேஜர் சொன்னார் என்றான், சிங்களத்தில்தான்.

"நீங்களே போய்ச் சொல்லுங்க சேர். லயத்துக்கு வழி தெரியுந்தானே" என்றேன்.

சொல்லாமலே விட்டிருப்பேன். ஆனால் பட்டினி கிடப்பது என் வீடு இல்லையே. சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவள் முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை. "எப்ப வரணுமாம்?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் நெற்றி நிறைய மூன்று பட்டை விபூதியோடு பஸ் ஏறினாள். அத்தனை விபூதியை அவள் நெற்றியில் நான் பார்த்ததே இல்லை. நேராக அவன் முன்னால் போய் நின்று முகத்தை நிமிர்த்தினாள். அவன் கையில் புதுத் துணி இருந்தது. எல்லாப் பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"தொடைங்க சேர்" என்றாள்.

அவன் துணியை மறு கைக்கு மாற்றினான்.

"அன்னைக்குத் தொடைச்சீங்கதானே. தொடைங்க."

அவன் கை எழவில்லை. "வேணாங்க… உள்ள போங்க" என்றான். தமிழில்! அவன் வாயிலிருந்து நான் கேட்ட முதல் தமிழ் அதுதான்.

"திருநீறோட உள்ள போகக் கூடாதுன்னு எனக்குத் தெரியுங்க. கழுவச் சொன்னீங்க, கழுவிட்டுத்தான் வந்தேன். அதுக்கப்புறமும் தொட்டுத் தொடைச்சீங்க பாருங்க, அதுதான் பொறுக்கல" என்றாள். குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினாள். ஈரம் துடைத்து, தாலியை ரவிக்கைக்குள் விட்டு, அங்கியை மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்து அவன் எங்களிடம் தமிழில்தான் பேசுகிறான். அக்கா தமிழில் பதில் சொல்கிறாள். மன்னிக்கச் சொல்லி ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஃபாதர் சொல்வது என் காதிலும் விழத்தான் செய்கிறது. அவன் தமிழில் என்ன கேட்டாலும் நான் சிங்களத்தில் பதில் சொல்கிறேன்.