ராங் நம்பர் என்று சொன்ன அண்ணன்

கணவனைக் கடல் கொண்டுபோன ஆண்டிலேயே புயலில் கூரையும் போனது. அனசெய்னி இரண்டையும் தாங்கினாள். நான்கு பிள்ளைகளையும் உயர்நிலைப் பள்ளி முடிக்க வைத்தாள். வவாவு தீவின் விவசாயக் கண்காட்சியில் அவளுடைய தாழம்பாய் மூன்று முறை முதல் பரிசு வாங்கியது. நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவள் அவள். பள்ளித் தாளோ பரிசுத் தாளோ, எதிலும் அவளுக்காகக் கையெழுத்துப் போட்டது அண்ணன் சோவானேதான். அதில் அவருக்குப் பெருமை. ஆஸ்பத்திரியில் அவள் கொடுத்த போன் நம்பரும் அண்ணனுடையதே.

மே மாதம் ஒரு மாலை, சோவானே ஆண்களோடு காவா வேர்ச்சாறு குடித்துக்கொண்டிருந்தபோது அந்தப் போன் வந்தது. ஆண் குரலைக் கேட்டதும் நர்ஸ் அவரை வீட்டுக்காரர் என்று நினைத்துவிட்டாள்.

"உங்க சம்சாரம் அனசெய்னிக்கு கர்ப்பப்பை வாய் டெஸ்ட்ல ஏதோ மாற்றம் தெரியுதுங்க. பயப்படாதீங்க. ஆனா சீக்கிரம் திரும்பக் கூட்டிட்டு வாங்க."

தங்கை இருக்கும் அறையில் உட்காரக்கூட மாட்டார் சோவானே. வளர்ந்த அண்ணன் தங்கைக்கு ஊர் வழக்கம் அது; அவள் உடம்பைப் பற்றிய பேச்சு அவர் காதிலேயே விழக் கூடாது. "ராங் நம்பர்" என்று வைத்துவிட்டார்.

"யாரு, பழைய ஆளா? காதெல்லாம் செவந்து போச்சே!" என்றான் மச்சான். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு பதினோரு வாரம் அவரை அரித்தது. மனைவி லூபேயிடம் சொல்ல வாயெடுப்பார். அந்தச் சொல்லைத் தன் வாயால் சொல்வதே தங்கைக்கு அவமானம் என்று அடக்கிக்கொள்வார். ஒரு ஞாயிறு, தேவாலயத்தில் அனசெய்னி பாடாமல் வாய் மூடி நின்றாள். மறுநாள், கிழங்கு சீவிக்கொண்டிருந்த லூபேக்கு முதுகைக் காட்டி நின்றபடி எல்லாவற்றையும் சொன்னார்.

"பதினோரு வாரமா? உங்க வெக்கத்துக்கு அவ உசுருதான் கெடைச்சுதா?"

கத்தியைப் போட்டுவிட்டு அனசெய்னி வீட்டுக்கு ஓடினாள். திரும்பியபோது கண் வீங்கியிருந்தது.

"தகவலே வரலைன்னதும், ஆஸ்பத்திரியே கைவிட்டுருச்சு, இனி செய்ய ஒண்ணுமில்லன்னு முடிவு பண்ணியிருக்கா. புருஷன் போயி எட்டு வருஷம், அந்த எடத்துல வியாதின்னா ஊரு என்ன பேசும்னு யார்கிட்டயும் கேக்கல. தன்னைச் சுத்திப் பொதைக்கத் தானே பாய் முடையிறா. பாதி முடிஞ்சிருச்சுங்க."



புதன்கிழமை லூபேயும் தங்கையும் பின்தட்டில் உட்கார, வண்டியை சோவானேயே ஓட்டினார். அவர்கள் உள்ளே போனதும் ஆஸ்பத்திரிக்கு வெளியே ஈரப்பலா மரத்தடியில் உட்கார்ந்தார். சிறிது நேரத்தில் லூபே ஒரு தாளோடு வந்தாள்.

"புத்துநோய்னு இப்பச் சொல்ல முடியாதாம். சின்னதா சதை எடுத்துப் பாக்கணுமாம். எப்பவும் போல அண்ணனே கையெழுத்துப் போடட்டும்னு அனுப்பினா."

நீட்டிய கையை அவர் இழுத்துக்கொண்டார்.

"வேணாம். அவளுக்கு வந்த சேதியை ஒருதடவை நான் வாங்கி அமுக்கினது போதும். ஊரார் பேரையெல்லாம் கம்பளி நூல்ல பாய் ஓரத்துல பின்னுறவ. தன் பேரைப் போட மாட்டாளா?"

லூபே உள்ளே போய்த் திரும்பி வந்தாள். தாளின் மேல்பாதியை மடித்து மறைத்து, அடிப்பகுதியை மட்டும் அவரிடம் காட்டினாள். பாயில் பின்னுவதைப் போலவே கட்டம் கட்டமான எழுத்தில் அனசெய்னியின் பெயர். பக்கத்தில் தேதி: 14 ஆகஸ்ட் 2019.